‘வேண்டும்’ போன வழி

முதல் வாசிப்பில்
தலைப்பை மட்டும்தான் வாசிப்பார்கள்.
அதற்கே நாலு வருஷம்.

புதன்கிழமை, கடையில் ஆளில்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகப் போக
அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறது.
கணினியில் மக்களவை.
அமைச்சர் எழுந்தார், தோட்ட வீடமைப்புத் திருத்தம் என்றார்,
உட்கார்ந்தார்.
ஒரு லோரி கடந்து முடிப்பதற்குள்
மசோதா பிறந்துவிட்டது.

பதினொரு பக்கம்.
மலாயிலிருந்து தமிழுக்கு நான்தான் மாற்றினேன்.
‘பக்கம் இருபது காசு’ பலகையைத் திருப்பி வைத்துவிட்டு
லயத்தின் முப்பத்தெட்டு வீட்டுக்கும் நகல் போட்டேன்.

ஒன்பதாம் பிரிவு:
தோட்டம் கைமாறினால்
குடியிருக்கும் தொழிலாளிக்கு
முதலாளி மாற்று வீடு வழங்க வேண்டும்.

மருந்தடித்து முடித்து
பூட்சோடு வந்த பச்சைநாயகி
அந்த வரியை மட்டும் கத்தரித்துக் கேட்டாள்.
மின்சார பில்லுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

இரண்டாம் வாசிப்பில் பேசினார்கள்.
ஒருவர் பால்மரக் காலத்தைப் பேசினார்.
ஒருவர் தன் தொகுதிப் பாலத்தைப் பேச
அவைத்தலைவர் நிறுத்தினார்.
எங்கள் உறுப்பினருக்கு மூன்று நிமிடம்.
பெட்ரோல் நிலையத்துப் பக்கத்து ஒட்டுக்கடையில்
அவ்வளவு நேரமும் நின்றே கேட்டார்கள்.
கல்லில் ரொட்டி கருகியது.

பிறகு குழுநிலை.
செங்கோலை ஒரு படி கீழே இறக்கி வைத்தால்
சபையே குழுவாகிவிடும்:
அதே ஆட்கள், அதே நாற்காலிகள்.
இரவு ஒன்பதரை.
ஒன்று முதல் எட்டு வரை, ஆம்.
ஒன்பதில் ஒரு திருத்தம்:
‘ஹெண்டக்லா’வை எடுத்துவிட்டு
‘போலே’ என்று வைக்க.
ஆம் என்போர் ஆம் என்றார்கள்.
இல்லை என்போர் இல்லை என்றார்கள்.
காதுக்கு எட்டியவரை ஆம் பெரிது.
எண்ணிப் பார்க்கச் சொல்ல
பதினைந்து பேர் எழ வேண்டும்.
எழுந்தது பதினொருவர்.
அந்த இடத்தில் மட்டும்
வேண்டும், வேண்டும்தான்.

மலாயில் ஒரு சொல் போய் ஒரு சொல் வந்தது.
தமிழில் சொல்கூட இல்லை, ஒரு வால்:
வழங்கலாம்.
எனக்கு வேறொன்று உறுத்தியது.
நம் மொழியில் வேண்டும் என்பது கட்டளை,
கைநீட்டிக் கேட்பதும் அதே வேண்டும்.
எது எதுவென்று
நான் அடிக்குறிப்புப் போடவில்லை.

மூன்றாம் வாசிப்பு ஒரு தும்மல் நேரம்.
பிறகு மேலவை. அங்கே மறுபடி மூன்று.
செனட்டர் ஞானசெல்வி ஒருத்தி கேட்டாள்,
ஒன்பதில் ஏன் ‘லாம்’?
எழுத்தில் பதில் தரப்படும் என்றார் துணையமைச்சர்.
மேலவை ஒரு எழுத்தைத் தொட்டாலும்
மசோதா திரும்பக் கீழவைக்கு வரவேண்டுமாம்.
அந்தப் படிக்கட்டில் இறங்க
யாருக்கும் மனமில்லை.

மாமன்னர் இசைவு வந்தது.
கெசட்டிலும் ஏறியது.
லயத்து ஓரமாய்
நில அளவைக்காரர்கள் சிவப்புக் குச்சி நட்டுப் போன அதே வாரம்.

“அப்போ என்னைக்கிலேருந்துக்கா?”
பச்சைநாயகிக்கு முதல் பிரிவைக் காட்டினேன்.
அமைச்சர் அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும்.
“தேதி?”
தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் வெள்ளை.

புது நகல் நீட்டினேன், வாங்கவில்லை.
பில்லுக்குப் பின்னாலிருந்து பழைய துண்டை எடுத்தாள்,
மடிப்பில் கிழிந்திருந்தது.
“இதுல கடைசிச் சொல்ல மட்டும் பெரிசாக்க முடியுமா?”
“எவ்வளவு பெரிசு?”
“கதவு அளவு.”

இயந்திரத்துக்கு அவ்வளவு வாய் இல்லை.
தாளுக்கு ஓர் எழுத்தாக அடித்தேன்.
வே. ண். டு. ம்.
பெரிய தாள் ஐம்பது காசு.
வேண்டாம் என்றேன்;
இரண்டு வெள்ளியை எண்ணி வைத்துவிட்டு
சூடு ஆறாத தாள்களை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
லோரி ஒன்று போகட்டும் என்று
சாலையோரம் நின்றாள்.